‘லெட் இட் பி’: ‘விட்டுவிடு’ என்பதா, ‘ஆகட்டும்’ என்பதா?

திருமறையின் வசனம் ஒன்றிற்கு இரு பொருள் கூறக்கூடுமாயின், அவற்றுள் எது பொருந்தும் என ஆராய்வது இறையியல் மாணவருக்குப் பழக்கமான பணி. மூலமொழியைப் பார்க்கிறோம், முன்பின் வசனங்களோடு ஒப்பிடுகிறோம், எழுதியவர் யார், எக்காலத்தவர், யாருக்கு எழுதினார் என்று வினவுகிறோம். ஆனால் நம் காலத்து மக்கள் மனப்பாடமாகப் பாடும் பாடல் ஒன்றை அவ்வாறு ஆராய நாம் பெரும்பாலும் முற்படுவதில்லை. பிடித்திருந்தால் அதை நம்முடையது என்கிறோம். பிடிக்காவிட்டால் உலகத்தாரின் பாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டிற்கும் பாடலை வாசிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

அத்தகைய பாடல் ஒன்றை இக்கட்டுரையில் வாசிக்க முற்படுகிறோம். பீட்டில்ஸ் என்னும் ஆங்கில ராக் இசைக்குழு 1970ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் இங்கிலாந்தில் வெளியிட்ட ‘லெட் இட் பி’ என்பதே அது. துன்ப நேரத்தில் ‘மதர் மேரி’ தம்மிடம் வந்து ஞானமுள்ள வார்த்தை ஒன்றைக் கூறுவதாகப் பாடுபவர் சொல்கிறார். அவ்வார்த்தையே பாடலின் தலைப்பு, அதுவே பல்லவி. இவ்வளவு எளிய பாடலைக் கேட்டவர்கள் பலவாறாகப் பிரிந்தனர். சிலர் இதில் கன்னி மரியாளைக் கண்டு மகிழ்ந்தனர். சிலர் அதே மரியாளைக் கண்டு ஐயுற்றனர். வேறு சிலர், ‘மேரி’ என்பது கஞ்சாவைக் குறிக்கும் மறைபெயர் என்றனர். பாடலை இயற்றிய பால் மெக்கார்ட்னியோ, அது தம்மைப் பெற்ற தாயின் பெயர் என்றார்.

இவற்றுள் எது சரி என்பது வெறும் இலக்கிய வினா அன்று. அடக்க ஆராதனையில் இப்பாடல் வேண்டும் எனக் கேட்கும் குடும்பங்கள் மேலைநாடுகளில் உண்டு. பெட்டியின் அருகே நின்று இதற்கு இசைவு தரும் ஆயர், இதனால் என்ன சொல்லப்படுகிறது என்பதை அறிந்திருக்க வேண்டாமா? ‘நடந்ததை விட்டுவிடு’ என்று துயருற்றோருக்குச் சொல்கிறோமா? அல்லது ‘ஆண்டவருடைய சித்தம் ஆகட்டும்’ என்று அவர்களோடு சேர்ந்து நாமும் சொல்கிறோமா? இவ்விரண்டும் ஒன்றல்ல. பாடல் இவ்விரண்டிற்கும் இடந்தருகிறது என்பதே நம் கருத்து.

1. பாடல் பிறந்த சூழல்

மெக்கார்ட்னி 1942இல் லிவர்பூல் நகரில் பிறந்தவர். அவருடைய தாயார் மேரி, ஐரிஷ் மரபில் வந்த கத்தோலிக்கர். செவிலியாகவும் பேறுகால மருத்துவச்சியாகவும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். தந்தையோ சீர்திருத்தச் சபை மரபில் பிறந்து, கடவுள் உண்டென்றோ இல்லையென்றோ உறுதியாகக் கூறாத நிலைக்கு வந்தவர். பிள்ளைகள் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் வீட்டில் சமயம் வற்புறுத்தப்படவில்லை. 1956 அக்டோபர் 31ஆம் நாள், மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பின் மேரி மரித்தார். மகனுக்கு அப்போது வயது 14.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. உலகப் புகழ் பெற்றிருந்த இசைக்குழு உள்ளுக்குள் சிதறிக்கொண்டிருந்தது. அவர்களை நடத்திவந்த மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் இறந்துவிட்டார். 1968 ஆகஸ்டில் ரிங்கோ ஸ்டார் குழுவை விட்டுச் சில நாட்கள் விலகிச் சென்றார். 1969 ஜனவரியில் ஜார்ஜ் ஹாரிசன் அவ்வாறே வெளியேறித் திரும்பினார். இந்த மனவருத்தங்களின் காலத்தில் ஓரிரவு மெக்கார்ட்னி தம் தாயைக் கனவில் கண்டார். கலங்க வேண்டாம், எல்லாம் நலமாகும் என்று தாய் ஆறுதல் கூறியதாகவும், அக்கனவின் ஆறுதலே பாடலாயிற்று என்றும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். 1969 ஜனவரி 31ஆம் நாள் இலண்டனில் பாடல் ஒலிப்பதிவாயிற்று. பதின்மூன்று மாதங்களுக்குப் பின்னரே அது வெளிவந்தது. 1970 ஏப்ரல் 10ஆம் நாள் குழு பிரிந்த செய்தி உலகிற்குத் தெரிந்தது. இப்பாடலின் பெயரையே தாங்கிய இசைத்தொகுப்பு மே 8ஆம் நாள் வெளிவந்தபோது, அதைப் பாடிய குழு இல்லாமற் போயிருந்தது.

ஆகவே ஒன்று தெளிவு. இப்பாடல் வேத ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததன்று; சமயப் பற்றிலிருந்தும் பிறந்ததன்று. இளமையில் தாயை இழந்த மகன் ஒருவன், நண்பர்களையும் இழக்கப்போகும் வேளையில் கண்ட கனவிலிருந்து பிறந்தது. இதை மறந்துவிட்டுப் பாடலை விளக்க முற்படுவது நேர்மையன்று.

2. ‘மேரி’ யார்?

இயற்றியவரே சான்று கூறிவிட்டபின் ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரு காரணங்களால் வினா முடிந்துவிடவில்லை.

முதலாவது, பாடலின் சொல்லாட்சி. ஆங்கிலேயப் பிள்ளை தன் தாயைத் தாய் என்ற சொல்லோடு அவருடைய இயற்பெயரையும் சேர்த்து அழைப்பது வழக்கமன்று. அவ்வாறு அழைப்பது கத்தோலிக்கப் பக்தியின் வழக்கு. தம் தாயை நினைத்துப் பாடியவர், கேட்போர் செவியில் இன்னொரு தாயும் நினைவுக்கு வரும்படியான சொற்களையே தெரிந்துகொண்டார். இதை அவர் அறியாமலும் இல்லை. 1997இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், பாடலைச் சமயப் பொருளில் கொள்வோரைத் தாம் மறுக்கவில்லை என்றும், அது ஒருவருடைய விசுவாசத்திற்குத் துணையாகுமானால் தமக்கு மகிழ்ச்சியே என்றும் கூறியிருக்கிறார்.

இரண்டாவது, இசை. இப்பாடலில் ஆர்கன் வாசித்த பில்லி பிரெஸ்டன், அமெரிக்கக் கறுப்பின மக்களின் திருச்சபை இசையில் சிறுவயது முதல் வளர்ந்தவர். பல்லவியின் முடிவில் இசை நான்காம் சுரத்துக்குரிய கார்டிலிருந்து படிப்படியாக இறங்கி முதற்சுரத்தில் அமர்கிறது. ஞானப்பாட்டின் இறுதியில் நாம் ‘ஆமென்’ பாடும்போது ஆர்கன் செய்வதும் நான்கிலிருந்து ஒன்றுக்கு வருவதே. பாடல் ஆலயத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் இசை கேட்போரை ஆலயத்திற்குள் கொண்டுபோய் அமர்த்திவிடுகிறது.

ஆசிரியரின் நோக்கத்தைக் கொண்டு மட்டும் கவிதையை மதிப்பிடலாகாது என்று விம்சாட், பியர்ட்ஸ்லி என்னும் அமெரிக்கத் திறனாய்வாளர் இருவர் 1946இல் எழுதினர். அவர்கள் கொள்கை முழுவதையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அதன் உண்மை நமக்குப் புதிதன்று. ஓசியா 11:1 இஸ்ரவேலர் எகிப்தை விட்டு வந்ததைப் பற்றியது. மத்தேயு 2:15 அதில் கிறிஸ்துவைக் காண்கிறது. உன்னதப்பாட்டு காதலர் இருவரைப் பற்றியது. திருச்சபை நூற்றாண்டுகளாக அதில் வேறொரு அன்பையும் கேட்டுவந்திருக்கிறது. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பதும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் வெவ்வேறு வினாக்கள் என்பதை வேதத்தை வாசிக்கும் சபை நன்கு அறியும்.

எனினும் எப்பொருளும் எப்பாடலுக்கும் பொருந்தும் என்பதன்று. பாடலே சில எல்லைகளை இடுகிறது. கஞ்சா என்னும் விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஆதாரம் பெயரின் ஒலி ஒற்றுமையும் அக்குழுவினரின் அந்நாளைய பழக்கங்களுமே. ஞானமுள்ள வார்த்தை, உள்ளம் உடைந்தோரின் ஒருமைப்பாடு, முகில் சூழ்ந்த இரவிலும் அணையாத ஒளி என்று பாடல் கூறுவன எவற்றையும் அது விளக்கவில்லை. ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றெல்லாச் சொற்களையும் கைவிடும் விளக்கம் ஐயப்பாடாகலாம், வாசிப்பாகாது. பிரசங்க மேடையில் வசனத்தின் ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்துப் பேசும்போது நாமும் இத்தவற்றையே செய்கிறோம்.

சீர்திருத்தச் சபையினரின் ஐயத்திற்கும் பாடலிலேயே விடை உண்டு. இப்பாடலில் மரியாளை நோக்கிய வேண்டுதல் ஒன்றுமில்லை. பாடுபவர் அவரை அழைக்கவில்லை. அவர் தாமாகவே வருகிறார். தமக்காகப் பரிந்து பேசும்படி எவரும் அவரைக் கேட்கவில்லை. 1521இல் மரியாளின் பாடலுக்கு விரிவுரை எழுதிய மார்ட்டின் லூத்தர், மரியாளைத் தாழ்ந்தோர்மேல் கடவுள் காட்டும் கிருபைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றினார். உதவியளிக்கும் தெய்வமாக அவரை ஆக்கிக்கொள்வதைக் கண்டித்தார். அவர் அஞ்சிய அந்த வணக்கம் இப்பாடலில் இல்லை. அதே வேளையில், கடவுளின் பெயரும் கிறிஸ்துவின் பெயரும்கூட இதில் இல்லை. மரியாள் பக்திப் பாடல் என்று இதைக் கண்டிப்பவரும், கிறிஸ்தவக் கீர்த்தனை என்று கொண்டாடுபவரும் பாடலில் இல்லாததையே காண்கின்றனர்.

இன்னுமொரு செய்தி. 1968ஆம் ஆண்டின் ஒத்திகை ஒன்றில், மேரி என்னும் பெயர் வரவேண்டிய இடத்தில் குழுவின் பயண உதவியாளர் மால்கம் எவன்ஸின் பெயரை வைத்து மெக்கார்ட்னி பாடியது, 2018இல் வெளியிடப்பட்ட பதிவொன்றால் தெரியவருகிறது. பெயர் மாறினும் பல்லவி மாறவில்லை. பாடலின் பாரம் வந்தவர் யார் என்பதில் இல்லை. வந்தவர் சொன்ன வார்த்தையிலேயே இருக்கிறது. ஆகவே அவ்வார்த்தைக்கு வருவோம்.

3. இரு பொருள் கொண்ட ஒரே தொடர்

‘லெட் இட் பி’ என்னும் மூன்று சிறிய சொற்களைத் தமிழாக்க முற்படும் எவரும் உடனே இடர்ப்படுவர். பேச்சு வழக்கில் அதன் முதற்பொருள் ‘அதை விட்டுவிடு, அதைத் தொடாதே’ என்பது. சண்டையிடும் பிள்ளைகளிடம் தாய் சொல்லும் சொல் அது. ஆனால் அதே தொடருக்கு ‘அவ்வாறே ஆகட்டும்’ என்னும் பொருளும் உண்டு. முன்னது கையை எடுக்கச் சொல்கிறது. பின்னது கையைத் திறந்து ஏற்கச் சொல்கிறது. தமிழில் ‘இருக்கட்டும்’ என்னும் சொல் இவ்விரண்டின் சாயலையும் ஒருவாறு தாங்கும். எனினும் ஆங்கிலத் தொடரின் முழு அகலமும் அதற்கில்லை.

இத்தொடருக்குப் பின்னணியாக இரு பழைய நூல்கள் சுட்டப்படுகின்றன. ஒன்று, ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகம். பள்ளி மாணவராக அந்நாடகப் பகுதிகளை மனப்பாடம் செய்ததை நினைவுகூர்ந்து, அதன் கடைசி அங்கத்தில் வரும் இத்தொடர் தம் உள்ளத்தில் தங்கியிருக்கலாம் என்று மெக்கார்ட்னி 2021இல் வெளியான தம் பாடல் தொகுப்பில் எழுதினார். அங்கே அது இறக்கும் தறுவாயில் இருப்பவன் சொல்லுவது. சொல்ல எண்ணியதைச் சொல்லாமலே நிறுத்திக்கொள்கிறான். அதன் பொருள் ‘விட்டுவிடு’ என்பதே.

மற்றொன்று லூக்கா 1:38. தூதனுக்கு மரியாள் அளித்த மறுமொழியின் எதிரொலி இப்பாடல் என்று பலர் கூறுவர். இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய ஜேம்ஸ் அரசர் திருப்புதலில் இத்தொடர் இந்த அமைப்பில் இல்லை. மெக்கார்ட்னியின் தாயார் போன்ற கத்தோலிக்கர் கேட்டுவந்த டூவே திருப்புதலிலும் இல்லை. 1946இல் வெளிவந்த திருத்திய திருப்புதலின் புதிய ஏற்பாட்டிலேயே இம்மூன்று சொற்களும் ஒருங்கே வருகின்றன. ஆகவே கவிஞர் வேத வசனத்தைப் பார்த்துப் பாடினார் என்று துணிந்து கூறுவதற்குச் சான்று போதாது. ஒற்றுமை உண்டு, கடன் பெற்றதற்குச் சான்று இல்லை. ஆய்வு செய்யும் மாணவர் இவ்விரண்டையும் ஒன்றாக்கலாகாது.

ஆயினும் ஒற்றுமை வீணன்று. மரியாளின் மறுமொழியில் லூக்கா பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘கெனோயிட்டோ’. விருப்பத்தைக் குறிக்கும் வினைவடிவம் அது. நம் பழைய திருப்புதல் அதனை ‘ஆகக்கடவது’ என்று மொழிபெயர்த்தது. செப்துவஜிந்து என்னும் கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் சங்கீதம் 41:13இன் ‘ஆமென்’ என்னும் எபிரெயச் சொல் இச்சொல்லாலேயே பெயர்க்கப்பட்டுள்ளது. எனவே மரியாள் கூறியது ஒருவகையில் ‘ஆமென்’ என்பதே. தலைவிதி என்று தளர்ந்து சொன்னதன்று. கேள்வி கேட்டு, மறுமொழி பெற்று, அதன் பின் சொன்னது. மேலும் லூக்கா நற்செய்தியில் இதே பெண்தான் சில வசனங்களுக்குப் பின் அகந்தையுள்ளோர் சிதறடிக்கப்படுவதையும், பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுவதையும், பசித்தோர் நிரப்பப்படுவதையும் பாடுகிறாள் (லூக்கா 1:51-53). ‘ஆகக்கடவது’ என்ற வாய்தான் அதையும் பாடிற்று.

இங்கேதான் வேறுபாடு தெளிவாகிறது. ‘விட்டுவிடு’ என்பது ஹாம்லெட்டின் வழி. அதன் முடிவு மௌனம். ‘ஆகட்டும்’ என்பது மரியாளின் வழி. அதன் தொடர்ச்சி, உலகம் புரட்டப்படுவதைப் பற்றிய பாட்டு. ராக் பாடலோ இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கிறது. அதில் இறைவனுக்கு இசைவு தரும் சொல் இல்லை. ஆனால் வெறும் கைவிடுதலும் இல்லை. ஏனெனில் பதில் ஒன்று வரும் என்று அது சொல்கிறது.

4. எப்பதில்?

பாடலின் இரண்டாம் சரணம் உலகெங்கும் உள்ள உள்ளம் உடைந்தவர்களைப் பற்றியது. இதுவரை ஒருவனுடைய கனவாயிருந்தது இங்கே உலகத்தாரின் துயராக விரிகிறது. அவர்கள் உடன்படும் காலம் பேசப்படுகிறது. எதற்கு உடன்படுவர் என்பது சொல்லப்படவில்லை. அவர்கள் பிரிந்திருப்பது பேசப்படுகிறது. ஒருவரையொருவர் பிரிந்தனரா, மரித்தோரைப் பிரிந்தனரா என்பது சொல்லப்படவில்லை. அவர்கள் காண்பர் என்னும் நம்பிக்கை உண்டு. எதைக் காண்பர் என்பது அச்சரணத்தின் வாக்கியத்திற்குள் இல்லை.

நம் இலக்கணநூலாகிய நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள்களைக் கூறுகிறது. அவற்றுள் தாப்பிசை என்பது, நடுவில் நின்ற சொல் ஊசலைப் போல முன்னும் பின்னும் சென்று பொருள் கொள்ளுவது. பதில் உண்டாகும் என்னும் வாக்கியம் இப்பாடலில் அவ்வாறே ஊசலாடுகிறது. முன்னே சென்றால், உள்ளம் உடைந்தோர் காணப்போவது அப்பதிலையே. பின்னே சென்றால், பதில் என்பது பல்லவியேயன்றி வேறன்று. ‘இருக்கட்டும்’ என்பதே பதில். முதலாவதன்படி பதில் இனி வருவது, காத்திருக்க வேண்டும். இரண்டாவதன்படி பதில் வந்தாயிற்று. வேறொன்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஒரே வாக்கியம் எதிர்நோக்காகவும் அமைகிறது. எதிர்நோக்கின் முடிவாகவும் அமைகிறது. 1970இல் வெளியான திரைப்படத்தில் உள்ள பாடுகையில், இறுதிச் சரணத்தில் பதிலைப் பற்றிய வாக்குக்குப் பதிலாகத் துயரம் இராது என்னும் கருத்து வருகிறது. வெளிப்படுத்தல் 21:4 நமக்கு நினைவுக்கு வரலாம். ஆனால் கண்ணீரைத் துடைப்பவர் யார் என்று அப்பாடுகையும் கூறவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. சரணத்தில் ஞான வார்த்தையைப் பேசுபவர் மேரி. பல்லவியில் அது மெல்லிய குரலில் முணுமுணுக்கப்படுகிறது; ஆனால் அவ்வினைக்கு எழுவாய் இல்லை. முணுமுணுப்பவர் மேரியா, பாடுபவரா, கேட்கும் நாமா? ஆங்கில வாக்கியத்தை ஏவலாகவும் கொள்ளலாம்; அப்போது அது நம்மை நோக்கிய கட்டளையாகிவிடும். தாய் மகனுக்குச் சொன்னது, மகன் உலகத்தாருக்குச் சொன்னது, உலகத்தார் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதாயிற்று. 1985 ஜூலை 13ஆம் நாள் எத்தியோப்பியாவின் பஞ்ச நிவாரணத்திற்காக இலண்டன் வெம்பிளி அரங்கில் நடந்த இசை நிகழ்ச்சியில் மெக்கார்ட்னி இதைப் பாடத் தொடங்கியபோது, அவருடைய ஒலிவாங்கி இயங்கவில்லை. அது சரியாகும்வரை அவர் குரல் மக்களுக்குக் கேட்கவில்லை. திரண்டிருந்த மக்களே பாடினர். எழுவாய் இல்லாத அவ்வினைக்கு அன்று மக்களே எழுவாயாயினர்.

5. பாடலைப் பாடியவர்கள் தந்த பொருள்

ஒரு பாடலின் பொருளை அதைப் பாடுவோரும் பாடும் இடமும் மாற்றுவதுண்டு. பீட்டில்ஸ் குழுவின் இசைத்தொகுப்பிலேயே இப்பாடலுக்கு முன் ஜான் லெனன் குழந்தைக் குரலில் வானதூதர் வருகையைப் பற்றிய பாட்டொன்று வரப்போவதாகக் கேலியாக அறிவிக்கிறார். இப்பாடலுக்குப் பின் விலைமகள் ஒருத்தியைப் பற்றிய லிவர்பூல் நாட்டுப்பாடல் வருகிறது. கேலிக்கும் கூத்துக்கும் நடுவில் ஆறுதல் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் கேலி செய்தவரும் பதின்பருவத்தில் தாயை விபத்தில் இழந்தவர். 1968இல் அத்தாயின் பெயராலேயே பாடல் இயற்றியவர். கேலி எப்போதும் அவிசுவாசத்திலிருந்து வருவதில்லை; சில வேளைகளில் அது ஆறாத புண்ணின்மேல் இட்ட கட்டு என்பதை ஆயர் அறிவர்.

பீட்டில்ஸ் பதிவு வெளிவருவதற்கு முன்னரே, 1970 ஜனவரியில், அமெரிக்கப் பாடகியார் அரீத்தா ஃபிராங்க்ளின் தம் இசைத்தொகுப்பில் இப்பாடலைப் பாடி வெளியிட்டுவிட்டார். அவர் டெட்ராய்ட் நகரின் பாப்டிஸ்து ஆயர் சி. எல். ஃபிராங்க்ளினின் மகள். 1963 ஜூன் 23ஆம் நாள் மார்ட்டின் லூத்தர் கிங் கலந்துகொண்ட டெட்ராய்ட் விடுதலைப் பேரணியை முன்னின்று நடத்தியவர் அவ்வாயர். அச்சபையின் மரபில் கடவுளுக்கு ‘ஆகட்டும்’ என்பது அநீதிக்கு ‘இருக்கட்டும்’ என்பதாகாது. அக்குரலில் இப்பாடலைக் கேட்கும்போது, லூக்காவின் மரியாள் அருகில் வருவதை உணர்கிறோம்.

இதற்கு நேர்மாறான நெருக்கடி ஒன்றும் உண்டு. 1987 மார்ச் 6ஆம் நாள் பெல்ஜியத்தின் ஜீபுருக் துறைமுகத்தருகே ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ என்னும் பயணக் கப்பல் கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். முன்புறக் கதவுகள் மூடப்படாமலேயே கப்பல் புறப்பட்டதென விசாரணையில் வெளிப்பட்டது. கப்பல் பணியாளரின் தவற்றோடு நிர்வாகத்தின் அலட்சியமும் கண்டிக்கப்பட்டது. இறந்தோர் குடும்பங்களுக்கு உதவும்படி இசைக்கலைஞர் பலர் சேர்ந்து பாடி வெளியிட்ட பாடல் ‘லெட் இட் பி’. அவர்களுடைய அன்பில் ஐயமில்லை. எனினும் மனிதரின் அலட்சியத்தால் பிள்ளையை இழந்த தாயின் செவியில் இப்பல்லவி எவ்வாறு ஒலிக்கும்? அவளுடைய மறைந்த பிள்ளையைப் பற்றியதாயின், கடவுளின் கையில் அவனை ஒப்புவிக்கும் ஆறுதலாக ஒலிக்கலாம். மூடப்படாத கதவைப் பற்றியதாயின், ‘விட்டுவிடு’ என்பதைவிடக் கொடிய சொல் வேறில்லை. பாடல் ஒன்றே, எதைப் பற்றிப் பாடப்படுகிறது என்பதே அதை ஆறுதலாகவோ அநீதியாகவோ ஆக்குகிறது.

6. ஆயர் செய்யவேண்டியது

நாம் கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். பாடலின் மேரி மெக்கார்ட்னியின் தாயே. ஆயினும் சொல்லாலும் இசையாலும் அவர் பின்னால் இன்னொரு தாயின் நிழல் விழுகிறது. பல்லவி விட்டுவிடுதலையும் ஏற்றலையும் ஒருங்கே குறிக்கிறது. பதில் உண்டு என்று பாடல் உறுதி கூறுகிறது. பதில் இன்னதென்று கூறவில்லை. இந்த மூன்று நெகிழ்ச்சிகளும் பாடலின் குறைகள் அல்ல. விசுவாசிப்பவரும் விசுவாசிக்க இயலாதவரும் ஒரே அடக்க ஆராதனையில் அருகருகே நின்று இதைப் பாட முடிவது இவற்றாலேயே. அத்தகைய பாடல்கள் மிகச் சிலவே.

ஆதலால், இதை வேதப்பாடல் என்று கூறி நமதாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. அவ்வாறு செய்வது தாயை இழந்த பதினான்கு வயதுச் சிறுவனின் துயரை அவனிடமிருந்து பறிப்பதாகும். வேதப்பாடல் அன்று என்பதற்காக வாசலில் நிறுத்தவும் வேண்டியதில்லை. துயருற்றோர் ஒரு பாடலைக் கையில் ஏந்தி வரும்போது அவர்கள் கேட்பது இசைத்தட்டை மட்டுமன்று. தங்கள் துயரைச் சொல்லத் தங்களுக்குத் தெரிந்த சொற்களில் அதைச் சொல்ல இடம் கேட்கிறார்கள்.

ஆனால் இடம் தந்தபின் ஆயரின் பணி முடிந்துவிடவில்லை, அங்கேதான் தொடங்குகிறது. ‘விட்டுவிடு’ என்னும் பொருளைத் துயருற்றோர் தாமே கண்டடையலாம். அவர்கள்மேல் அதைச் சுமத்த நமக்கு உரிமையில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் மௌனமாயிருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். வாய் திறந்தபோதே தவறினர். ‘ஆகக்கடவது’ என்னும் சொல்லையோ ஒருவர் மற்றொருவருக்காகச் சொல்லவே முடியாது. மரியாள் அதைத் தன் வாயால் சொன்னாள். கெத்செமனேயில் நம் ஆண்டவர், பாத்திரம் நீங்கவேண்டும் என்று முதலில் மன்றாடி, அதன் பின்னரே தந்தையின் சித்தத்திற்குத் தம்மை ஒப்புவித்தார் (லூக்கா 22:42). மன்றாட்டைத் தாண்டிக் குதித்து ஒப்புவித்தலுக்குச் சென்றுவிடும் அடக்கப் பிரசங்கங்கள் அதிகம். அவை சாந்தம் போலத் தோன்றலாம்; ஆனால் கெத்செமனேயின் பாதை அதுவன்று.

பாடல் காலியாக விட்டுள்ள இடத்தில் சொல்லவேண்டிய பெயர் ஒன்று திருச்சபைக்கு உண்டு. அதைச் சொல்லாமலிருக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும் எப்போது, எவ்வாறு சொல்வது என்பதை இப்பாடலிடமிருந்து சிறிது கற்றுக்கொள்ளலாம். இதில் ஆறுதல் கூறுபவர் உரத்த குரலில் பேசவில்லை. இருளின் வேளையில் வந்து நேர்முன்னே நின்றார். மெல்லிய குரலில் சிறு வார்த்தை ஒன்றைச் சொன்னார். நாமும் முதலில் அருகே போய் நிற்போம், மன்றாடுவோரோடு மன்றாடுவோம், மூடப்படாத கதவுகளைப் பற்றிக் கேட்கவேண்டியவர்களிடம் கேட்போம். அதன்பின் நாம் சொல்லும் ‘ஆமென்’ துயருற்றோரின் செவிக்கு ‘விட்டுவிடு’ என்று கேளாது.